கைப்பக்குவமும் சட்ட உரிமையும்

சூளையில் வேகும் மண்ணுக்கும் அடுப்பில் வேகும் கறிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. பொருள் எல்லார்க்கும் பொது. பக்குவமோ சிலரது கையில். பீங்கான் தொழிலால் பெயர் பெற்ற விருத்தாசலத்தில் வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அப்பக்குவத்தை ஒருவர் தமக்கே உரியதென வேலியிட்டுக் கொள்ளலாமா? பண்டைக் கிரேக்கரின் சிபாரிஸ் நகரில், புதிய உணவைக் கண்டறிந்த சமையற்காரருக்கு ஓராண்டுக்காலம் அதனைச் சமைக்கும் தனியுரிமை இருந்ததென்று ஒரு பழஞ்செய்தி கூறுகிறது.

நம் நாட்டில் இதற்கு விடை தேடியவர்கள் ஹைதராபாத்தின் ஹலீம் தயாரிப்பாளர்கள். ஹலீமின் மூலம் அரபியரின் ஹரீஸா. 'ஹரஸ' என்னும் வினைக்கு இடித்தல், நசுக்குதல் என்பது பொருள். கோதுமையையும் இறைச்சியையும் குழைய வேகவைத்து இடிப்பதால் வந்த பெயர் அது. பத்தாம் நூற்றாண்டில் பகுதாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த 'கிதாபுத் தபீஃக்' என்னும் சமையல் நூலிலேயே ஹரீஸாவின் செய்முறை இருக்கிறது. நிஜாமின் படையில் சேர வந்த ஹளரமவுத் அரபியர் அதனைத் தக்காணத்துக்குக் கொணர்ந்தனர். தக்காணத்தின் மசாலையும் நெய்யும் சேர்ந்து அது வேறொரு சுவை பெற்றது.

அந்த ஹலீமுக்கு 2010ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தியாவில் இறைச்சி உணவொன்று அச்சிறப்பைப் பெற்றது அதுவே முதன்முறை. செம்புப் பாத்திரம், செங்கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய அடுப்பு, விறகின் மெல்லிய தீ, சுமார் 12 மணி நேர வேக்காடு, இறைச்சி பத்துப் பங்குக்குக் கோதுமை நான்கு பங்கு என்று இலக்கணமே வகுத்துவிட்டார்கள்!

ஆயினும் இச்சட்டம் காப்பது பெயரைத்தான். விருத்தாசலத்தில் ஒருவர் அதே முறையில் ஹலீம் சமைத்தால் தடையில்லை. 'ஹைதராபாத் ஹலீம்' என்று பலகை மாட்டினால்தான் குற்றம். உரிமையும் தனியொருவருடையதன்று, அவ்வட்டாரத்துத் தயாரிப்பாளர் அனைவருக்கும் பொது. பத்தாண்டுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். காப்புரிமைச் சட்டமோ, வழிவழி வந்த அறிவைப் புதுக்கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்போர் உண்டு. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, வணிகப் பெயரும் கண்டுபிடிப்பும் நூலாக்கமும் உரியவரின் சொத்தே, அவற்றில் அத்துமீறல் ஆகாது என்று தீர்மானித்தது. பெயரைத் திருடி விற்பவன் வாங்குவோரையும் ஏமாற்றுகிறான். ஆதலால் இத்தீர்மானம் நமக்கு முற்றும் ஏற்புடையதே. செய்முறையையே மறைத்து வைப்பதுதான் நமக்கு உவப்பாக இல்லை.

பீங்கானின் வரலாற்றையே பாருங்கள். ஜெர்மனியின் மைசனில் 1710ஆம் ஆண்டு பீங்கான் ஆலை எழுந்தபோது, இரகசியம் அறிந்த போட்கரைக் காவலில் வைத்தே வேலை வாங்கினான் மன்னன். பத்தாண்டு செல்லுமுன் அவ்விரகசியம் வியன்னாவுக்குப் போய்விட்டது. அதற்கு நான்கு நூற்றாண்டுகள் முன்னர், ஹிஜ்ரி 700இல் (கி.பி. 1301), காஷான் நகரத்துக் குயவர் குடும்பத்தில் வந்த அபுல் காஸிம், தம் முன்னோரின் கலவை முறைகளைப் பாரசீக மொழியில் எழுதியே வைத்தார். அக்காலத்துச் சூளைகளின் நுட்பத்தை இன்று நாம் அறிவது அவ்வேட்டினால்.

நம் நோன்புக் கஞ்சிக்கும் குறியீடு வாங்கலாமே என்கின்றனர் இளைஞர் சிலர். வாங்கட்டும். ஆனால் விண்ணப்பத்தில் செய்முறையையும் வரலாற்றையும் எழுத வேண்டுமே! அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் என்று பொருளைச் சொல்லிவிடலாம். எந்த ஊரில் எது எவ்வளவு, தீயை எப்போது தணிப்பது என்பதெல்லாம் பள்ளிவாசல் கொட்டகையில் கஞ்சி காய்ச்சும் முதியவர்களின் கையில் அல்லவா இருக்கிறது? வரும் ரமளானில் அவர்கள் அருகே ஏடும் எழுதுகோலும் கொண்டு அமரட்டும்.