ஆஸ்டின் செவன் ஸ்பெஷல்கள்: வீட்டுக் கொட்டகையில் மறுபிறவி எடுத்த கார்கள்

ஆஸ்டின் செவன், இங்கிலாந்தில் 1922 முதல் 1939 வரை தயாரிக்கப்பட்ட ஒரு சிறிய கார். பழையதாகிப்போன இந்தக் காரை விலைக்கு வாங்கி, வீட்டுக் கொட்டகையில் பழுதுபார்த்து, எஞ்சினையும் உடற்கூட்டையும் மாற்றி, வேகமாக ஓடக்கூடியதாக ஆக்கப்பட்ட வண்டிகள் ‘ஆஸ்டின் செவன் ஸ்பெஷல்’ எனப்படுகின்றன. 1930களில் தொடங்கிய இந்தப் பழக்கம் 1950களில் உச்சத்தை எட்டியது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் புகழ்பெற்ற லோட்டஸ், மெக்லாரன் ஆகிய இரு பெயர்களின் தொடக்கமும் இப்படிப்பட்ட கொட்டகைகளில்தான் இருக்கிறது.

பழைய காரைப் புதுப்பிப்பதும் மாற்றியமைப்பதும் இரு வேறு வேலைகள் என்று இன்று பிரித்துப் பேசுகிறோம். ஆஸ்டின் செவனை வைத்து வேலை செய்தவர்களுக்கு அந்தப் பிரிவு தெரியாது. உடைந்ததைச் சரிசெய்யும்போதே, முன்பு இருந்ததைவிட நன்றாகச் செய்தால் என்ன என்ற எண்ணம் வந்துவிடும்.

காரின் தோற்றம்

இந்தக் காரே ஒரு வீட்டில்தான் வரையப்பட்டது. 1921இல் ஆஸ்டின் நிறுவனம் கடனில் மூழ்கியிருந்தது. சிறிய கார் ஒன்றைச் செய்யலாம் என்ற ஹெர்பர்ட் ஆஸ்டினின் யோசனையை இயக்குநர்கள் ஏற்கவில்லை. அவர் ஸ்டான்லி எட்ஜ் என்ற பதினெட்டு வயது வரைவாளரைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். லிக்கி கிரேஞ்ச் என்ற அந்த வீட்டின் பில்லியர்ட்ஸ் அறையில் இருவரும் காரை வரைந்து முடித்தனர். வடிவமைப்பின் காப்புரிமை நிறுவனத்துக்கு அல்ல, ஹெர்பர்ட் ஆஸ்டினுக்குச் சொந்தமாக இருந்தது. ஒவ்வொரு காருக்கும் அவருக்கு இரண்டு கினி உரிமத்தொகை கிடைத்தது.

எஞ்சினின் கொள்ளளவு முதலில் 696 சிசி, விரைவிலேயே 747 சிசி. பெயரில் உள்ள ‘ஏழு’ வரிக் கணக்கிலிருந்து வந்தது. அன்றைய பிரிட்டனில் சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் கொண்டு குதிரைத்திறனைக் கணக்கிட்டு வரி விதித்தார்கள். அதனால் எஞ்சின் செய்பவர்கள் சிலிண்டரைக் குறுகலாகவும் நீளமாகவும் அமைத்தனர். செவனின் சிலிண்டர் விட்டம் 56 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76 மில்லிமீட்டர்.

ஏறத்தாழ 2,90,000 கார்கள் விற்றன. ஜெர்மனியில் டிக்ஸி என்ற பெயரில் உரிமம் பெற்றுச் செய்யப்பட்ட இதே காரின் வழியாகத்தான் பிஎம்டபிள்யூ நிறுவனம் 1928இல் கார்த் தொழிலில் நுழைந்தது. பிற்காலத்தில் ஜாகுவாரை உருவாக்கிய வில்லியம் லயன்ஸ், 1927இல் செவனுக்கு அழகான உடற்கூடுகளைச் செய்து விற்றார். ஆங்கில எழுத்து ‘ஏ’ போல முன்பக்கம் குவிந்த ஒரு தனி அடிச்சட்டம், அதன்மேல் எஞ்சின், அதன்மேல் உடற்கூடு என்ற எளிய அமைப்பே இதற்கெல்லாம் காரணம். உடற்கூட்டைக் கழற்றி எறிந்தாலும் கார் ஓடும். இந்த ஒரு குணம் இல்லாவிட்டால் ஸ்பெஷல்களின் வரலாறே இருந்திருக்காது.

அல்ஸ்டர்

செவனின் வகைகளில் பந்தயத்துக்கென்றே அமைந்தது அல்ஸ்டர். 1929இல் அல்ஸ்டர் டூரிஸ்ட் டிராபி பந்தயத்தில் ஆர்ச்சி ஃப்ரேசர்-நாஷ் இந்தச் சிறிய காரை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்ததால் அந்தப் பெயர் வந்தது. தாழ்ந்த முன் அச்சு, கூரிய வால் கொண்ட அலுமினிய உடற்கூடு, அழுத்தத்தில் எண்ணெய் ஊட்டப்படும் கிராங்க் தண்டு ஆகியவை இதன் அடையாளங்கள். திறன் 24 குதிரைத்திறன்; சூப்பர்சார்ஜர் பொருத்தியவற்றில் 33. சாதாரண செவனின் திறன் இதில் பாதிக்கும் குறைவு. 1930இல் புரூக்லண்ட்ஸில் நடந்த 500 மைல் பந்தயத்தில், எஸ். சி. எச். டேவிஸும் மார்ச் பிரபுவும் ஓட்டிய அல்ஸ்டர் வென்றது. சலுகை நேரம் கொடுத்து நடத்தப்பட்ட பந்தயம்தான் என்றாலும், 747 சிசி எஞ்சின் 500 மைலுக்கு மணிக்கு 83 மைல் சராசரியைத் தாங்கியது சாதாரணமானதல்ல.

அல்ஸ்டர் வாங்கியவர்களில் ஒருவர் அலெக் இசிகோனிஸ். ஓட்ட ஓட்ட அதன் குறைகள் அவருக்குத் தெரிந்தன. முதலில் அந்தக் காரையே மாற்றிப் பார்த்தார். பிறகு நண்பர் ஜார்ஜ் டவ்சனுடன் சேர்ந்து, செவனின் எஞ்சினை வைத்துப் புதிய கார் ஒன்றையே தொடங்கினார். ஒட்டுப்பலகையின் இருபுறமும் அலுமினியத் தகடு ஒட்டி, உடற்கூடே சுமை தாங்கும்படி அமைத்தனர். இரும்பு வில்லுக்குப் பதிலாக ரப்பரைப் பயன்படுத்தினர். மின்கருவிகள் இல்லாமல் கையாலேயே செய்ததால் வேலை பல ஆண்டுகள் நீண்டு, 1938இல்தான் ‘லைட்வெயிட் ஸ்பெஷல்’ ஓடியது. இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வெளிவந்த மினி காரும் ரப்பரின் மேல்தான் நின்றது.

கொட்டகையில் நடந்த வேலை

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரிட்டனில் செய்யப்பட்ட புதிய கார்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போனது. உள்நாட்டில் வாங்க நினைத்தவர்கள் காத்திருக்க வேண்டும். விலையோடு கொள்முதல் வரியும் கட்ட வேண்டும். பழைய செவனோ தெருவுக்குத் தெரு கிடைத்தது. சொந்தமாகச் செய்துகொண்ட ஸ்பெஷலுக்குக் கொள்முதல் வரி கிடையாது. பத்திரிகையாளர் பில் பாடி 1939இல் தொடங்கிவைத்த 750 மோட்டார் கிளப், போருக்குப் பின் இந்தக் கார்களுக்கென்றே ‘750 ஃபார்முலா’ என்ற பந்தய விதிகளை வகுத்தது. பணம் இல்லாதவரும் பந்தயம் ஓட்டலாம் என்பதே அதன் நோக்கம்.

கொட்டகைக்குள் வந்த செவனுக்கு முதலில் தேவைப்பட்டது நிறுத்தும் திறன். தொடக்கத்திலிருந்தே நான்கு சக்கரங்களிலும் பிரேக் இருந்தது உண்மை. ஆனால் 1930 வரை மிதிகட்டை பின்சக்கரங்களை மட்டும் பிடித்தது. முன்சக்கரங்களுக்குக் கைநெம்புகோலை இழுக்க வேண்டும். இரண்டையும் இணைப்பது ஒரு வழி. பின்னாளில் வந்த சிறு கார்களின் ஹைட்ராலிக் பிரேக்குகளைக் கழற்றிப் பொருத்துவது இன்னொரு வழி.

அடுத்தது வளைவில் காரின் நடத்தை. பின் அச்சைத் தாங்கிய பட்டைவில்கள் அடிச்சட்டத்தின் பின்முனையிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பவை. வளைவில் கார் சாயும்போது ஒரு வில் நிமிர்ந்து மற்றது வளையும். அச்சு சற்றே திரும்பிவிடும். ஓட்டுநர் திருப்பாமலே பின்பக்கம் தானாக வழிகாட்டத் தொடங்கும். வில்களைத் தட்டையாக்கிக் காரைத் தாழ்த்தினால் இந்தக் கோளாறு பெரிதும் குறைந்தது. முன்பக்கத்துக்கு லெஸ்லி பல்லமி காட்டிய வழி கொஞ்சம் துணிச்சலானது. முன் அச்சை நடுவில் இரண்டாக அறுத்து, ஒவ்வொரு பாதியையும் நடுப்பகுதியில் கீல் வைத்து மாட்டினார். இரு சக்கரங்களும் தனித்தனியே மேடுபள்ளம் ஏறி இறங்கின.

எஞ்சினில் சிலிண்டர் தலையைச் சீவி அமுக்க விகிதத்தைக் கூட்டுவார்கள். வழிகளைத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். பெரிய கார்புரேட்டர் மாட்டுவார்கள். பறசக்கரத்தைக் கடைந்து எடை குறைப்பார்கள். இவற்றுக்கெல்லாம் ஓர் எல்லை இருந்தது. 1936 வரை செய்யப்பட்ட எஞ்சின்களில் கிராங்க் தண்டு முன்னும் பின்னும் இரண்டே பேரிங்குகளில் சுழன்றது. நடுவில் தாங்கல் இல்லை. வேகம் ஏற ஏறத் தண்டு கயிறுபோல் வளையும். சாதாரண செவனில் அந்தத் தண்டுக்கு எண்ணெய் போகும் முறையும் எளியது: சிறு துளைகள் எண்ணெயைப் பீய்ச்சும், சுழலும் தண்டு அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அளவு தெரியாமல் திறனைக் கூட்டியவர்கள் உடைந்த கிராங்க் தண்டோடு வீடு திரும்பினார்கள்.

மஸ்வெல் ஹில்

காலின் சாப்மன் 1928இல் பிறந்தவர். அவர் மாற்றியமைத்த செவனும் 1928இல் செய்யப்பட்டதே. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் படித்துக்கொண்டே நண்பருடன் பழைய கார் வாங்கி விற்றுவந்தார். 1947 இலையுதிர்காலத்தில் அரசு தனியார் கார்களுக்கான அடிப்படைப் பெட்ரோல் பங்கீட்டை நிறுத்தியது. பழைய கார்ச் சந்தை சரிந்தது, தொழில் நின்றது, விற்க முடியாத ஒரு செவன் கையில் எஞ்சியது.

காதலி ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீடு மஸ்வெல் ஹில்லில் இருந்தது. அதன் பின்னாலிருந்த பூட்டிவைக்கும் கொட்டகையில், 1947-48 குளிர்காலத்தில், அந்தக் காரின் உடற்கூட்டைக் கழற்றிவிட்டு வேலை தொடங்கினார். ஒருபக்கம் திறந்திருந்த அடிச்சட்டத் துண்டுகளை மூடிப் பெட்டிபோல் ஆக்கினார்; அவை முறுக்குக்கு அசையாமல் நின்றன. அலுமினியம் ஒட்டிய பலகையால், விமானக் கட்டுமான முறையில், உடற்கூடு செய்தார். கல்லூரிப் பாடம் நேராகக் கொட்டகைக்கு வந்துவிட்டது. ஓஎக்ஸ் 9292 என்ற எண்ணில் பதிவான அந்தக் காரே முதல் லோட்டஸ்.

1951இல் 750 ஃபார்முலாவுக்காகச் செய்த மூன்றாவது லோட்டஸில் சாப்மனின் புத்திக்கூர்மை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. செவனின் எஞ்சினில் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டுக்கு ஒரே உள்வழி. எரியும் வரிசைப்படி அந்த இரண்டும் அடுத்தடுத்து மூச்சு இழுத்தன. ஒன்று இழுத்து முடிக்கும் முன் மற்றது தொடங்கிவிடும். இருவருக்கு ஒரே குவளை வைத்த கதை. சாப்மன் அந்த வழிக்குள் ஒரு தடுப்பைச் செருகி, நான்கு சிலிண்டர்களுக்கும் நான்கு வழிகள் இருப்பதுபோல ஆக்கினார். எஞ்சின் கட்டையை மாற்றக் கூடாது என்ற விதியையும் மீறவில்லை. போட்டியாளர்களால் நெருங்க முடியவில்லை. கிளப் அந்த உத்தியைத் தடைசெய்தது. 1952 ஜனவரியில் லோட்டஸ் எஞ்சினியரிங் தொடங்கப்பட்டது. இடம், ஹார்ன்சியில் தந்தை நடத்திய ரயில்வே ஹோட்டலின் பின்னாலிருந்த பழைய குதிரைலாயம்.

ரெமுவேரா

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ரெமுவேரா பகுதியில் லெஸ் மெக்லாரன் பெட்ரோல் நிலையமும் பட்டறையும் நடத்தினார். மகன் புரூஸுக்கு ஒன்பது வயதில் இடுப்பு மூட்டைத் தாக்கும் பெர்தஸ் நோய் வந்தது. நீண்டகாலம் படுக்கையில் கிடந்து எழுந்தபோது ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகிவிட்டது.

1952இல் லெஸ், 1929ஆம் ஆண்டின் அல்ஸ்டர் ஒன்றைத் துண்டு துண்டாகக் கிடந்த நிலையில் வாங்கினார். தந்தையும் மகனும் சேர்ந்து அதைப் பூட்டி ஓடவைத்தனர். ஓட்டிப் பார்த்த தந்தைக்கு அது பிடிக்கவில்லை; விற்றுவிட நினைத்தார். மகன் மன்றாடித் தடுத்தார். வீட்டுத் தோட்டத்தில் எட்டு வடிவத்தில் சுற்றிச் சுற்றிப் பழகிய புரூஸ், பதினைந்து வயதில் உரிமம் பெற்று, முரிவாய் மலையேற்றப் போட்டியில் அதே அல்ஸ்டரை ஓட்டினார். ஏழு ஆண்டுகளுக்குள், 1959 டிசம்பரில், செப்ரிங்கில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரியை 22 வயதில் வென்றார். 1963இல் சொந்த அணி தொடங்கினார். 1968இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் தன் பெயர் தாங்கிய காரிலேயே வெற்றி கண்டார். 1970 ஜூன் 2இல் குட்வுட் களத்தில் சோதனை ஓட்டத்தின்போது உயிரிழந்தார்.

மீட்பதா, மாற்றுவதா

ஒவ்வொரு ஸ்பெஷலுக்கும் ஒரு செவன் பலியானது. 1950களில் இதைப் பற்றி யாரும் வருந்தவில்லை. துருப்பிடித்த குடும்பக் காருக்கு அப்போது மதிப்பில்லை. கண்ணாடியிழை உடற்கூடுகள் விற்பனைக்கு வந்தபின் வேலை இன்னும் எளிதாகி, நல்ல உடற்கூடுகளும் குப்பைக்குப் போயின. 1960இல் பத்து ஆண்டுகளைக் கடந்த கார்களுக்குக் கட்டாயத் தகுதிச் சோதனை வந்ததும், சட்டத்துக்கு உட்படாத பல பழைய செவன்களும் அரைகுறை ஸ்பெஷல்களும் சாலையிலிருந்து விலகின.

இன்று நிலைமை தலைகீழ். மாறாத செவன் விலைமதிப்புள்ள பொருள். ஆனாலும் சாதாரணச் செவனை அறுத்து அல்ஸ்டரின் நகலாக ஆக்கும் வழக்கம் நிற்கவில்லை. ஓட்டுவதற்கு அது அவ்வளவு இனிமையானது. பழங்கார்களுக்கான பன்னாட்டு அமைப்பான ஃபிவா, 2012-13இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனத்தில், கட்டடப் பாதுகாப்பு நெறிகளைக் கார்களுக்கும் பொருத்தியது. புதிதாகச் சேர்த்தது எது என்று பிரித்தறிய முடிய வேண்டும், காரின் வரலாற்றுத் தடயங்கள் அழியக் கூடாது என்பவை அதன் சாரம். இந்த நெறி ஸ்பெஷல்களிடம் வரும்போது திணறுகிறது. 1955இல் கட்டப்பட்ட ஒரு ஸ்பெஷலைக் கலைத்து 1930ஆம் ஆண்டின் குடும்பக் காராக மீட்டால், அழிவது எந்த வரலாறு? பழைய செவனின் வரலாறு அந்தக் கொட்டகையிலேயே முடிந்துவிட்டது. மாற்றியவரின் கைவேலை இன்று அதே அளவுக்குப் பழமையானது. காலத்தோடு ஒட்டிய மாற்றத்தை விட்டுவைப்பதே நேர்மையானது என்று கொள்ளலாம். நேற்றுச் செய்த நகலுக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

புரூஸ் மெக்லாரனின் அல்ஸ்டர் இங்கிலாந்தின் வோக்கிங்கிலுள்ள மெக்லாரன் தலைமையகத்தில் காக்கப்படுகிறது. சாப்மனின் முதல் லோட்டஸ் 1950இல் விற்கப்பட்டது. 2018இல் எழுபதாம் ஆண்டு நிறைவின்போது, பழைய கொட்டகைகளிலும் கிடங்குகளிலும் அதைத் தேடிப்பார்க்கும்படி லோட்டஸ் நிறுவனம் மக்களைக் கேட்டுக்கொண்டது.