எது முதல்ல? கிரைஸ்லர் கம்பெனியின் அட்டைக் கட்டு

ஐடியில் இருக்கிறவங்களுக்கு பேக்லாக் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிளானிங் மீட்டிங்கைத் திறந்தா எல்லா டிக்கெட்டும் 'ஹை பிரையாரிட்டி'தான். 'எது முதல்ல?' என்ற இந்தச் சண்டைக்கு விதிமுறை எழுதிப் பார்த்த ஓர் இடத்துக்கு இன்னைக்குப் போகலாம்: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் கிரைஸ்லர் கார் கம்பெனி.

சுமார் 87,000 பேருக்குச் சம்பளம் போடணும். பழைய மெயின்ஃப்ரேம் நிரல்களை மூட்டை கட்டிவிட்டு ஒரே மென்பொருளைக் கொண்டுவருவது திட்டம். அதற்கு வைத்த பெயர் சி3. 1996-ல் கென்ட் பெக் உள்ளே வந்தபோது வேலை முட்டுச்சந்தில் நின்றது. இருந்ததை ஓரங்கட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார்கள். டீமுக்குப் பயிற்சியாளராக ரான் ஜெஃப்ரீஸ் வந்தார்.

அவங்க கையிலெடுத்தது சாதாரண காகித அட்டை. ஒரு தேவைக்கு ஓர் அட்டை. அதை எழுதுவது சம்பளப் பிரிவின் ஆள். எத்தனை நாள் ஆகும் என்று சொல்வது டெவலப்பர். எது முதலில் என்று முடிவு செய்வது மறுபடியும் சம்பளப் பிரிவுதான். "இவ்வளவு நாளா? குறைச்சுக்கோ" என்று பேரம் பேச அவங்களுக்கு உரிமை கிடையாது. "இதை அப்புறம் பார்க்கலாம்" என்று ஒதுக்க டெவலப்பருக்கும் உரிமை கிடையாது. போன மூன்று வாரத்தில் எவ்வளவு முடிந்ததோ, அடுத்த மூன்று வாரத்துக்கும் அவ்வளவுதான். புது அட்டை ஒன்று உள்ளே வரணும்னா, அதே அளவு அட்டை ஒன்று வெளியே போகணும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இந்த விதிதான். 'எல்லாமே அவசரம்' என்ற பேச்சுக்கே இடமில்லை பாருங்க!

1997 மே மாதம் சி3 ஓட ஆரம்பித்தது. மாதச் சம்பளக்காரர்கள் சுமார் 10,000 பேருக்குச் சம்பளம் போட்டது.

அப்புறம்தான் சிக்கல். எல்லா அட்டையையும் வரிசைப்படுத்தும் பாரம் ஒரே ஆள் தலையில். சில மாதங்களில் அவர் விலகிவிட்டார். அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று: அட்டையை வரிசைப்படுத்தினவங்க வேறு, திட்டத்துக்குப் பணம் கொடுத்தவங்க வேறு. டீம் முதல் தரப்பைக் கேட்டு ஒழுங்காகத்தான் வேலை செய்தது. இரண்டாம் தரப்பு எதிர்பார்த்தது அந்தக் கட்டில் மேலே வரவில்லை. என்னைக் கேட்டா, விதிமுறையில் இருந்த ஓட்டையே இதுதான். யார் வரிசைப்படுத்தணும்னு எழுதினாங்க. அந்த ஆளுக்கு யார் ஆதரவு இருக்கணும்னு எழுதலை.

1998-ல் கிரைஸ்லர் டெய்ம்லர்-பென்ஸுடன் இணைந்தது. 1999-ல் இந்த முறையை விளக்கி பெக் எழுதிய 'எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்' நூல் வெளிவந்தது. சில மாதங்கள்தான், 2000 பிப்ரவரியில் சி3-ஐ ரத்து செய்துவிட்டார்கள். மீதிப் பேரின் சம்பளம் அதற்குள் வரவே இல்லை.

சரியா ஒரு வருஷம் கழித்து, யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி 'அஜைல்' அறிக்கையை எழுதினார்கள். பெக்கும் ஜெஃப்ரீஸும் அதில் இருந்தாங்க. அந்தக் கதை அடுத்த எபிசோடில்.