மலம்புழா கல்வட்டங்கள்: கண்டுபிடிச்சாச்சு, பாதுகாப்பு எப்போது?

கோவையிலிருந்து வாளையாரைத் தாண்டினால் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மலம்புழா அணை. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் தீவு போல நிற்கும் மேடுகளில் 110-க்கும் மேற்பட்ட பெருங்கற்காலச் சின்னங்கள் இருப்பதாக இந்தியத் தொல்லியல் துறை 2025 மார்ச்சில் அறிவித்தது. பரப்பு சுமார் 45 ஹெக்டேர்.

கல்வட்டம்னா என்ன?

பெரிய பாறைகளை வட்டமாக நட்டு வைத்த ஈமச்சின்னம். நடுவில், மண்ணுக்கடியில், பலகைக் கற்களால் ஆன கல்லறையோ தாழியோ இருக்கும். உள்ளே எலும்பு, கருப்பு-சிவப்புப் பானை, இரும்புக் கருவி. தென்னிந்தியாவில் இவை பெரும்பாலும் இரும்புக்காலத்தைச் சேர்ந்தவை. இடுக்கி மறையூரில் இதே மரபின் கல்திட்டைகளுக்கு 'முனியறை' என்று பெயர். முனிவர்கள் தங்கிய இடம் என்பது ஊர்க்கதை. உண்மையில் அவையும் ஈமச்சின்னங்கள்தான்.

பாலக்காட்டில் ஏன் இத்தனை?

மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் பெரிய இடைவெளி இது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன பழைய வணிகப் பாதை இதன் வழியாகத்தான் சென்றது. கொடுமணல் கல்லறைகளில் சூதுபவள மணிகள் கிடைத்தன. அப்படியானால் நடுவழியில் வாழ்ந்தவர்கள் யார்? பதில் சொல்லக்கூடியவை இந்தக் கற்கள்தான், அதுவும் கலைக்கப்படாமல் இருந்தால்.

அறிவித்தாலே பாதுகாப்பு வந்துவிடுமா?

வராது. பலர் குழம்புவது இங்கேதான். 1958-ம் ஆண்டு மத்திய சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த இடமாக அறிவிக்க முதலில் 2 மாத நோட்டீஸ் தர வேண்டும். ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகே இறுதி அறிவிக்கை. அதற்குப் பின் 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி தேவை. கேரள அரசும் தன் 1968-ம் ஆண்டு சட்டத்தின் கீழ் பாதுகாக்கலாம்.

இந்த 100 மீட்டர்தான் பட்டா நிலம் வைத்திருப்பவரைப் பயமுறுத்துகிறது. 'சொன்னா நிலம் போயிடும்' என்ற பயத்தில் கல்லைப் புரட்டிவிட்டால் யார் கேட்பது? மலம்புழாவில் சிக்கல் வேறு. அணை 1955-ல் திறக்கப்பட்டது. நீர்மட்டம் ஏறி இறங்கும்போது கரை மண் அரிக்கும். பக்கத்திலேயே, புதுச்சேரி பஞ்சாயத்தை உள்ளடக்கிய (நம்ம பாண்டிச்சேரி இல்லை) பாலக்காடு தொழில் நகரத் திட்டத்துக்கு 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நிலத்தைச் சமன் செய்யும் முன் கல்வட்டக் கணக்கெடுப்பை முடிப்பதுதான் நியாயம். ஜேசிபி ஒருமுறை தள்ளிய கல்லை எந்தச் சட்டமும் பழைய இடத்தில் வைக்காது.

உங்கள் தோட்டத்தில் கிடைத்தால்?

தோண்டாதீர்கள், கல்லை நகர்த்தாதீர்கள். போட்டோ எடுத்துக்கொண்டு கிராம அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். மண்ணுக்குள் பொருள் ஏதாவது கிடைத்தால் 1878-ம் ஆண்டு புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது: மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.