சட்டைப்பைக் கைத்துப்பாக்கி: ஒளித்தலும் சுடுதலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தற்காப்புக்கென மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதில் தொடக்கம் முதலே ஒரு சிக்கல் உண்டு. எளிதில் ஒளிக்கக்கூடியதை நம்பிச் சுட முடிவதில்லை. நம்பிச் சுடக்கூடியதை எளிதில் ஒளிக்க முடிவதில்லை. துப்பாக்கி செய்தவர்களும் வாங்கியவர்களும் இவ்விரண்டுக்கும் நடுவில்தான் பேரம் பேசி வந்தனர். சட்டம் இயற்றியவர்களுக்கோ ஒளிப்பதே குற்றமாகத் தெரிந்தது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஆயுதத்தை வெளியே தெரியும்படி அணிவதைப் பலரும் தவறாக எண்ணவில்லை. ஒளித்து வைப்பவன்தான் கொலை நோக்கமுடையவன் எனக் கருதப்பட்டான். கென்டக்கியும் லூசியானாவும் 1813-இல் மறைத்துச் செல்வதைத் தடைசெய்தன. கென்டக்கியின் சட்டம் செல்லாது என அம்மாநில நீதிமன்றம் 1822-இல் தீர்ப்பளித்தது. பின்னர் 1850-இல் மாநில அரசியலமைப்பையே மாற்றி, அத்தகைய தடைக்கு வழி செய்துகொண்டார்கள்.

தடை இருந்தும் சிறிய துப்பாக்கிக்குத் தேவை குறையவில்லை. அதனால் பெயரும் பொருளும் ஈட்டியவர் பிலடெல்பியாவின் ஹென்றி டெரிஞ்சர் (1786–1868). அவர் செய்தது உள்ளங்கையளவுத் துப்பாக்கி. ஒரு குழல், ஒரு குண்டு. வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் குழலின் வாய் வழியாகத் திணித்து, பின்புறம் சிறு செப்பு மூடி ஒன்றைப் பொருத்த வேண்டும். மூடியைச் சுத்தியல் தட்டினால் குண்டு பாயும். சண்டைக்கு நடுவே மறுபடி நிரப்ப யாருக்கு நேரம் கிடைக்கும்? ஆகவே அவை பெரும்பாலும் இணை இணையாகவே விற்பனையாயின. தங்க வேட்டைக்காகக் கலிபோர்னியா சென்றவர்கள் இவற்றை விரும்பி வாங்கினர், போலிகளும் பெருகின. தம் முத்திரையைக் காக்க டெரிஞ்சர் தொடுத்த வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1865-இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் அவர் பெயர் ஆங்கில எழுத்தில் ஓர் ‘ஆர்’ கூடி, சிறு துப்பாக்கிகளுக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது.

அதே 1865-இல், ஏப்ரல் 14 இரவு, வாஷிங்டனின் ஃபோர்டு நாடக அரங்கில் ஜான் வில்க்ஸ் பூத் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனைச் சுட்டது டெரிஞ்சர் செய்த துப்பாக்கியால்தான். சுமார் 0.44 அங்குலக் குழல். மொத்த நீளம் 6 அங்குலத்துக்குச் சற்றே குறைவு. எடை ஏறத்தாழ 225 கிராம். ஒரு குண்டோடு அதன் வேலை முடிந்தது. தன்னைப் பிடிக்க வந்த மேஜர் ராத்போனைப் பூத் கத்தியால்தான் வெட்டினான். தற்காப்புக்கென வாங்கப்படும் அந்த அளவுத் துப்பாக்கி எதற்கு உண்மையில் பொருத்தமானது என்பதை அந்த இரவு காட்டியது: எதிர்பாராத ஒருவரை மிக அருகில், பின்னாலிருந்து ஒருமுறை சுடுவதற்கு.

ஒரு குண்டுக் குறையைத் தீர்க்கப் பல வழிகள் தேடப்பட்டன. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் 1857-இல் ஏழு தோட்டா ரிவால்வரை விற்கத் தொடங்கியது, ஆனால் 0.22 அங்குலக் குண்டு வலுவற்றது. ரெமிங்டன் 1866-இல் இரட்டைக் குழல் துப்பாக்கியை வெளியிட்டது. அதன் 0.41 அங்குலக் குண்டு மிக மெதுவாகப் பாய்ந்தது. எனினும் 1935 வரை அது விற்றது. வாங்கியவர்கள் வலிமையைவிடப் பைக்குள் அடங்குவதையே பெரிதாக மதித்தனர்.

1887-இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் சுத்தியலை உடலுக்குள் மறைத்தது. துணியில் சிக்காது என்பது ஒரு நன்மை. பிடியின் பின்பக்கத்தை அழுத்திப் பிடித்தாலன்றிச் சுடாது என்பது இன்னொன்று. பையிலிருக்கும் துப்பாக்கி உடையவரையே காயப்படுத்தலாம் என்ற அச்சத்துக்கு அதில் விடை இருந்தது. ஆனால் பிடியைத் தெரிந்தே அழுத்தும் கைக்கு அது தடையில்லை. இன்று அந்நாட்டின் துப்பாக்கி மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். துப்பாக்கி தேர்வு பற்றிய பேச்சில் குழலளவும் குண்டின் எண்ணிக்கையும் வரும் அளவுக்கு இது வருவதில்லை.

1927-இல் கோல்ட் நிறுவனத்தின் ஆறு தோட்டா ‘டிடெக்டிவ் ஸ்பெஷல்’, 1950-இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸனின் ஐந்து தோட்டா ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என 2 அங்குலக் குழல் ரிவால்வர்கள் புகழ்பெற்றன. குழல் குறுகினால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறையும். கை சற்று அசைந்தாலும் குண்டு விலகிப் போகும். எடை குறைந்தாலோ உதைப்பு கூடும். ஆகவே மிகச் சிறிய துப்பாக்கிக்குத்தான் மிகுந்த பயிற்சி தேவை.

சட்டம் பின்னர் எதிர்த்திசையில் திரும்பியது. தகுதியுள்ளவர் கேட்டால் உரிமம் தர வேண்டும் என ஃபுளோரிடா 1987-இல் விதித்தது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. சிறப்புக் காரணம் காட்டக் கேட்ட நியூயார்க்கின் விதியை உச்ச நீதிமன்றம் 2022-இல் நீக்கியது. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இப்போது உரிமமே வேண்டியதில்லை.

2018-இல் வெளிவந்து பெரிதும் விற்ற சிக் சாவர் பி365 துப்பாக்கியின் நீளம் 5.8 அங்குலம், பூத்தின் துப்பாக்கியும் ஏறத்தாழ அவ்வளவே. எடை இருமடங்குக்குச் சற்று அதிகம். குண்டுகள் 11.