கவிதைக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது

நன்றாக எழுதும் ஆற்றல் கற்று அடையத்தக்கதா, பிறவியிலேயே வாய்க்க வேண்டியதா? ஆய்வு மாணவர்கள் கூடுமிடங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. அவரவர் மனச்சாய்வுக்கு ஏற்ப ஒரு விடையைச் சொல்லிவிட்டுக் கலைந்துவிடுகிறோம். ஆனால் இந்தக் கேள்வியை இருநூறு ஆண்டுகள் செயலில் சோதித்துப் பார்த்த ஓர் இடம் இந்தியாவில் இருந்தது. கட்ச் சமஸ்தானத்தின் தலைநகரான புஜ் நகரில் 1749 முதல் 1948 வரை நடைபெற்ற பிரஜ் பாஷா பாடசாலை அது. அங்கே முதன்மைப் பாடம் கவிதை இயற்றுவது. கவிதையை நயம் பாராட்டுவதோ அதன் வரலாற்றை ஒப்பிப்பதோ அல்ல, இயற்றுவதே பாடம்.

அப்படியொரு பள்ளியைத் தொடங்கலாம் என்ற எண்ணம் திடீரென முளைத்ததன்று. வடமொழி அணியிலக்கண நூலார் இந்த வழக்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி வந்தனர். மந்த புத்தியுள்ளவனும் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தால் சாத்திரம் கற்றுக்கொள்வான், காவியமோ பிரதிபை உடைய ஒருவனுக்கு எப்போதாவதுதான் கைகூடும் என்பது பாமகரின் கட்சி. பிரதிபை என்றால் இயல்பாய் அமைந்த படைப்பொளி எனலாம். ஏறத்தாழ அதே காலத்தில் காஞ்சியில் இருந்த தண்டி, நம் தண்டியலங்காரத்துக்கு மூலமான காவியாதர்சத்தை எழுதியவர், வேறு வழியில் செல்கிறார். இயல்பான பிரதிபை, மாசற்ற கல்வி, சோர்வற்ற முயற்சி ஆகிய மூன்றையும் காரணங்களாகச் சொன்ன அவர், உடனே ஒரு வாசலையும் திறந்து வைக்கிறார்: பிரதிபை இல்லாவிடினும், கல்வியாலும் உழைப்பாலும் வழிபட்டால் வாக்குத்தேவி ஏதோ ஒரு வகையில் அருளத்தான் செய்வாள்; சிறிதளவே கவித்திறன் உள்ளவரும் உழைத்தால் அறிஞர் அவையில் உலவலாம். தண்டி வாக்குறுதி தருவது அவையில் ஓர் இடத்தைத்தான், காளிதாசனின் இருக்கையை அன்று. இந்த அளவான வாக்குறுதியே அவர் கூற்றை நம்பத்தக்கதாக்குகிறது என்பது என் எண்ணம்.

கோட்பாட்டிலிருந்து வகுப்பறைக்கு இறங்கியவர் பதினோராம் நூற்றாண்டுக் காசுமீரத்தின் க்ஷேமேந்திரர். அவருடைய கவிகண்டாபரணம் என்னும் சிறுநூல் ஏறக்குறைய ஒரு பயிற்சிக் கையேடு. தொடக்க மாணவனுக்கு அவர் தரும் பயிற்சி, பொருளைப் பற்றிக் கவலைப்படாமல் ஓசை பொருந்தும் சொற்களை மட்டும் யாப்பில் நிரப்பிப் பழகுவது. அடுத்தது, பழைய செய்யுள் ஒன்றை எடுத்து, யாப்பும் பொருளும் சிதையாமல் சொற்களை மட்டும் மாற்றுவது. இரகுவம்சத்தின் முதற்செய்யுளையே அதற்கு எடுத்துக்காட்டாகப் பிரித்துப் போடுகிறார். காளிதாசனைத் தொட்டு மாற்றலாமா என்ற தயக்கம் அவரிடம் துளியும் இல்லை. நூறு அறிவுரைகளும் உண்டு. அவற்றுள் பல ஏட்டை மூடிவிட்டு வெளியே போய் நாடகத்தையும் மக்களின் நடையுடை பாவனைகளையும் இயற்கையையும் கவனிக்கச் சொல்பவை. மாணாக்கரையும் அவர் மூவகைப்படுத்துகிறார்: சிறு முயற்சியில் தேறுபவர், பெருமுயற்சியில் தேறுபவர், எம்முயற்சியிலும் தேறாதவர். அன்னமும் ஆவும் தொடங்கி நெய்யரி வரை நன்னூல் அடுக்கும் மாணாக்கர் வரிசையைப் பயின்ற நமக்கு இது புதிதன்று. எனினும் க்ஷேமேந்திரரின் மூன்றாம் வகையில் யார் யார் இருக்கிறார்கள் என்பது சுவையானது. இயல்பிலேயே கல்லைப் போன்றவர், தருக்கத்தால் கருகியவர், இலக்கணத்தால் கெட்டுப்போனவர்! மொழியியல் பயின்ற எனக்கு இந்த இடத்தைக் கடக்கும்போது ஒவ்வொரு முறையும் சிறிது கூச்சமாகவே இருக்கிறது.

இனி பிரஜ் மொழி. மதுரா, பிருந்தாவனம் வட்டாரத்தின் இந்தப் பேச்சுமொழி பதினாறாம் நூற்றாண்டு முதல் வட இந்திய அரசவைகளின் கவிதை மொழியாக உயர்ந்தது. அதற்கு அணியிலக்கணம் வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஓர்ச்சா அரசவையின் கேசவதாசர். வேலைக்காரர்கூட வடமொழி பேசுவதாகப் பெருமை கொண்ட பண்டிதக் குடும்பத்தில் பிறந்தும் நாட்டுமொழிக் கவிஞனாகிவிட்டேனே என்று அவர் தம்மைத்தாமே நொந்துகொண்டது புகழ் பெற்ற செய்தி. 1601இல் அவர் எழுதிய கவிப்பிரியா, அரசவை ஆடல் பாடல் மங்கையும் கவிஞருமான பிரவீண் ராய்க்குக் கவிதைக்கலை கற்பிப்பதற்காக எழுந்தது. சிறுவர் சிறுமியரும் கவிதை நெறியை விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற நோக்கத்தை நூலிலேயே சொல்லிவிடுகிறார். ஆக, பிரஜ் இலக்கியத்தின் பேரிலக்கியங்களுள் ஒன்று பாடநூலாகவே பிறந்தது.

மொழியியல் நோக்கில் இதைவிட முக்கியமான கூற்று பிக்காரிதாசருடையது. அவதப் பகுதியைச் சேர்ந்த அவர் 1746இல் இயற்றிய காவியநிர்ணயத்தில், பிரஜ் மொழியை அறிய பிரஜ் நாட்டில் வாழ்ந்தாக வேண்டும் என்று எண்ணாதீர்கள், நல்ல கவிஞர்களின் வாக்கைப் பயின்றே அதை அறியலாம் என்கிறார். இலக்கிய மொழி தாய்ப்பாலோடு வருவதன்று, நூல்வழி வருவது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்னவர் அக்காலத்தில் வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. மூன்றே ஆண்டுகளில், பிரஜ் நாட்டிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவில், அவருடைய சொல் மெய்யாகும் வகையில் ஒரு பள்ளி எழுந்தது.

கட்சின் அரசர் லக்பத்ஜி 1741இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர். தாமும் பிரஜ் மொழியில் நூல்கள் இயற்றியவர். கைவினை வளர்த்ததிலும் அவர் பெயர் நிற்கிறது. கடலில் விபத்துக்குள்ளாகி டச்சுக் கப்பல் ஒன்றால் மீட்கப்பட்டு, ஹாலந்தில் பல ஆண்டுகள் தங்கிக் கண்ணாடி வேலை, எனாமல் வேலை, ஓட்டு வேலை, கடிகாரம் செய்தல் ஆகியவற்றைக் கற்றுத் திரும்பியவராக மரபு குறிப்பிடும் ராம்சிங் மாலம் என்னும் கைவினைஞர் புஜ் நகரின் ஆயினா மஹாலை, அதாவது கண்ணாடி மாளிகையை, அமைத்தது இவருக்காகத்தான். கண்ணாடி வேலையைக் கற்றுவந்தவரை ஆதரித்த கை கவிதைக்கும் ஒரு பட்டறை அமைத்தது இயல்பே. ராஜஸ்தானத்திலிருந்து சமணத் துறவி கனககுசலரை வரவழைத்துத் தலைமை ஆசிரியராக்கினார். அவருக்கு மாணவர் குன்வர்குசலர் துணை நின்றார். மாணாக்கர்க்கு உணவும் உறைவிடமும் அரசின் செலவு. கட்ச், சௌராட்டிரம், ராஜஸ்தானம் எனப் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர்கள் வந்தனர்.

வந்தவர்கள் யார் என்பதில்தான் இந்த வரலாற்றின் உயிர் இருக்கிறது. அவர்களுள் பெரும்பாலோர் சாரணர். அரசர்களின் குலவரலாற்றையும் வீரத்தையும் பாடும் சமூகம். தெய்வத் தொடர்புடையவர் எனப் போற்றப்பட்டவர். கவிதை தங்கள் குருதியிலேயே ஓடுவதாக நம்பியவர், பிறரையும் நம்பவைத்தவர். பிறவிக் கவிஞர் என்ற சொல்லுக்கு இந்தியாவில் ஒரு சமூகமே உரிமை கொண்டாடுமானால் அது இவர்களே. அந்தச் சமூகம்தான் தன் பிள்ளைகளைப் பல்லாண்டுப் படிப்புக்காகப் பாலையைக் கடந்து புஜ் நகருக்கு அனுப்பியது. குருதியில் ஓடியதாகச் சொல்லப்பட்டது உண்மையில் தந்தையும் பாட்டனும் வீட்டிலேயே அளித்து வந்த பயிற்சிதான் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார் இருக்க முடியும்?

அந்த மாணவர்களின் வீட்டு மொழி கட்சி, மார்வாடி, குஜராத்தி என்று வேறுபட்டது. பிரஜ் எவர் வீட்டிலும் பேசப்படவில்லை. எனவே படிப்பு சொல்லிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. நந்ததாசரின் மானமஞ்சரி, அநேகார்த்தமஞ்சரி ஆகியவற்றை மனனம் செய்தனர். முன்னது ஒருபொருட் பன்மொழி, பின்னது பலபொருள் ஒருசொல். நம் திண்ணைப் பள்ளிகளில் நிகண்டு வகித்த இடம் அவற்றுக்கு. பின்னர் யாப்பு, அணி, கேசவதாசரின் இரு பிரியாக்கள், பிஹாரியின் சத்சயி எனப் படிப்பு ஏறியது. முதலில் சமணத் துறவிகளும் பிற்காலத்தில் பிறரும், சாரணரும்கூட, ஆசிரியப் பொறுப்பில் இருந்தனர். நாயக நாயகி வகைகளை அட்டவணையிட்டுப் படிக்கும் முறையை இன்று கேலி செய்வது எளிது. ஆனால் வேற்று மொழியில் எழுதப் புகும் இளைஞனுக்கு, தன்னிடம் என்ன இல்லை, அதை எங்கே பெறலாம் என்று சொல்லித்தர அந்த அட்டவணைகள் இருந்தன.

இன்று நம் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்வோரில் பெரும்பாலோர் தம் வீட்டில் பேசாத மொழியில், அல்லது வீட்டில் பேசாத நடையில், முந்நூறு பக்கம் எழுதியாக வேண்டும். நந்ததாசரும் இல்லை, கேசவதாசரும் இல்லை. அத்தியாயத்தின் ஓரத்தில் மொழியைச் செம்மைப்படுத்துக என்று ஒரு குறிப்பு வரும். எப்படி என்று யாரும் சொல்வதில்லை. எழுத வந்தவர் எழுதிவிடுவார், வராதவருக்கு அது வாய்க்கவில்லை என்று துறை தன்னைத் தேற்றிக்கொள்கிறது. இந்த வாய்ப்பு என்பது பெரும்பாலும் எந்தப் பள்ளியில் படித்தோம், வீட்டில் என்னென்ன நூல்கள் இருந்தன என்பதன் மறுபெயர்தான். கற்பிக்கும் கடமையைத் துறந்த நிறுவனத்துக்குத்தான் பிரதிபைக் கோட்பாடு மிகவும் வசதியானது.

சரி, அந்தப் பள்ளியின் விளைச்சல் என்ன? பிஹாரிக்கு நிகரான ஒருவரை அது தந்ததாக யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒரு கிளையைப் பின்தொடர்ந்து பார்ப்போம். சிரோஹிப் பகுதியில் 1772இல் பிறந்த லாடுதான் என்னும் சாரண இளைஞர் புஜ் நகரில் பயின்றார். பின்னர் சுவாமிநாராயண நெறியில் துறவியாகிப் பிரம்மானந்த சுவாமி எனப் புகழ் பெற்றார். பிரஜ், குஜராத்தி உள்ளிட்ட மொழிகளில் பாடினார். வட்தால் கோயில் கட்டுமானத்தை மேற்பார்த்தவரும் அவரே. அவருடைய மாணவர் தேவானந்த சுவாமி. தேவானந்தரிடம் யாப்பு கற்றவர் வட்வானில் 1820இல் பிறந்த தல்பத்ராம்.

நவீன குஜராத்திக் கவிதையின் தொடக்கப் பெயர்களுள் ஒருவர் தல்பத்ராம். பழைய பட்டறையில் பயின்ற அந்தக் கை, 1865இல் தம் நண்பரும் புரவலருமான ஆங்கில அதிகாரி ஃபோர்ப்ஸ் மறைந்தபோது ஃபார்பஸ்விரஹ் என்னும் இரங்கற்காவியத்தை எழுதியது. குஜராத்தியின் முதல் இரங்கற்காவியமாக அது கருதப்படுகிறது. ஓர் ஆங்கிலேய நண்பருக்காக எப்படி அழுவது என்பதற்கு எந்தப் பாடசாலையிலும் பாடமில்லை. ஆனால் அழுகையை வரிகளில் நிறுத்தும் வலிமை பாடசாலையின் வழியில் வந்தது. தல்பத்ராமின் யாப்பு நூல் பின்னர் தலைமுறைகளாகக் குஜராத்தில் படிக்கப்பட்டது.

எதிரணியில் சூரத் நகரின் நர்மத். ஆங்கிலக் கல்வி பெற்று, கவிதையின் உயிர் ஜோஸ்ஸோ, அதாவது உள்ளக் கொதிப்பு, என்று முழங்கியவர். 1858இல் ஆசிரியர் வேலையை உதறிவிட்டு வீட்டுக்கு வந்து, எழுதுகோலை நோக்கி இனி உன் மடியே தஞ்சம் எனக் கண்ணீர் விட்டதாக அவரைப் பற்றிய கதை ஒவ்வொரு குஜராத்தி மாணவருக்கும் தெரியும். தல்பத்ராமைச் செய்யுள் கட்டுபவர் என்றும் நர்மதைக் கவிஞர் என்றும் பிரிக்கும் வழக்கம் அங்கிருந்து தொடங்குகிறது. ஆனால் நர்மதின் நூற்பட்டியலைப் பாருங்கள். முதல் நூல்களுள் ஒன்று, 1857இல் வந்த பிங்கள் பிரவேஷ், ஒரு யாப்பிலக்கண அறிமுகம். அடுத்து அலங்கார் பிரவேஷ், அணியிலக்கண அறிமுகம். பிற்காலத்தில் தனி முயற்சியாகத் தொகுத்த நர்மகோஷ் என்னும் பேரகராதி. கொதிப்பின் தூதர் நிகண்டு, யாப்பு, அணி என்று புஜ் பாடத்திட்டம் முழுவதையும் ஆசிரியரின்றித் தாமே எழுதி முடித்திருக்கிறார்! தல்பத்ராமின் மகன் நானாலாலோ யாப்பையே விட்டு, ஓசையின் அசைவை மட்டும் நம்பிய டோலன் நடையை உருவாக்கினார்.

பாடசாலைக்கு நேர்ந்தது வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்திக் கவிதை பிரஜ் மொழியிலிருந்து கடீபோலிக்கு மாறத் தொடங்கிவிட்டது. அம்மாற்றத்தின் மையம் 1903 முதல் மகாவீர் பிரசாத் திவேதி ஆசிரியராக இருந்த சரஸ்வதி இதழ். மைதிலி சரண் குப்தர் முதலில் பிரஜ் மொழியில் எழுதியவர்; திவேதியின் வழிகாட்டலில்தான் கடீபோலிக்கு வந்தார். புஜ் தொடர்ந்து பிரஜ் கற்பித்துக்கொண்டிருந்தது. நன்றாக எழுதக் கற்பித்த மொழியைக் கேட்கும் செவிகள் குறைந்துகொண்டே வந்தன. எழுத்துத் திறனைப் பள்ளி கற்பிக்கலாம், அதைக் கேட்க ஓர் அவையை அதனால் உண்டாக்க முடியாது. 1948இல் கட்சின் நிர்வாகம் இந்திய அரசின் கைக்கு மாறியது, அரச ஆதரவு அற்றது, பாடசாலை மூடப்பட்டது.

அதற்குள் கற்பிக்கும் வேலை இதழாசிரியரின் மேசைக்கு இடம் மாறியிருந்தது. தமக்கு வரும் படைப்புகளைத் திவேதி வரிவரியாக அடித்துத் திருத்தியே அச்சுக்கு அனுப்புவார். அவர் கைபட்ட அந்தக் கையெழுத்துப் படிகளைக் காசி நாகரி பிரசாரிணி சபைக்கு அளித்தார். எந்தச் சொல் வெட்டப்பட்டது, அதன் மேல் எந்தச் சொல் எழுதப்பட்டது என்பதை அந்தத் தாள்களில் இன்றும் காணலாம்.