தலைக்காசும் தலைமையும்

உடப்புசல்லாவைத் தோட்டங்களில் தொழிற்சங்கத் 'தலைவர்' வருமுன்னே 'பெரிய கங்காணி' இருந்தார். ஊரிலிருந்து ஆள் கட்டிவந்தவர் அவர். பிரட்டுக்கு வந்து வேலை செய்த ஒவ்வொருவருக்கும் நாளாந்தம் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. கடனாளி வேறு தோட்டம் போவதானால் 'துண்டு' வேண்டும். அம்முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. அதே கங்காணிதான் கலியாணத்துக்கும் கருமாதிக்கும் முன்னின்றவர் என்பதையும் சொல்லவேண்டும்.

பின்னர் கோ. நடேசய்யர் வந்தார். வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்தில் போனவர். 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் தாமே பாட்டெழுதிக் கூட்டங்களில் பாடினார். துண்டுப் பிரசுரம் வாசிக்க இயலாதவர்களுக்கும் பாட்டுப் புரியுமல்லவா!

துட்டகைமுனுவையும் நெப்போலியனையும் பாடமாக்கிய நாங்கள் பள்ளிக்காலத்தில் இந்த அம்மையாரை அறிந்திருக்கவில்லை.

எங்களில் பலருடைய அம்மாமார் கொழுந்தெடுத்தவர்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்றானது 1984இல். ஆனால் சங்கங்களின் மேல்மட்டத்தில் ஆண்களே நிறைந்திருந்தார்கள். பெண்களுக்கென்று தோட்டத்தில் 'மாதர் தலைவி' பதவி இருந்தது.

அதைச் சிறிய பதவி என்றே நாங்களும் நினைத்தோம். நடுச்சாமத்தில் லயத்தில் ஒருத்திக்கு வலி கண்டால் துரை பங்களாவுக்குப் போய் லொறி கேட்பவர் அந்த மாதர் தலைவிதான். வைத்தியரான பின் அவர் கூட்டிவந்த பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்திருக்கிறோம். வாசலில் விடியும்வரை நின்ற அவரை ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை.