மென்பொருள் பொதிகளின் தானியங்கித் தர ஆய்வு

லினக்ஸ் வழங்கலில் சேரும் பொதிகள் விதிப்படி கட்டப்பட்டுள்ளனவா, நிறுவும்போதும் நீக்கும்போதும் சிக்கல் தருகின்றனவா என்பதை நிரல்களைக் கொண்டே சோதிக்கும் முறை. இதன் வரலாற்றில் பெரும்பகுதி டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலுடையது.

1993 ஒகஸ்ட்டில் இயன் மர்டொக் தொடங்கிய டெபியனுக்குப் பல நாட்டுத் தொண்டர்கள் பொதி கட்டினார்கள். ஆளுக்கொரு வழக்கம் ஆகிவிடாதிருக்கக் கொள்கைக் கையேடு எழுதப்பட்டது. கையேடு இருந்தால் போதுமா, எல்லோரும் படிக்க வேண்டுமே! 1998இல் கிறிஸ்டியன் ஷ்வார்ட்ஸும் றிச்சர்ட் பிராக்மனும் அந்த விதிகளையே சோதனைகளாக்கி, பேர்ள் மொழியில் லின்டியனை எழுதினர்.

லின்டியன் பொதியை நிறுவாது. பிரித்துப் பார்த்து, பிழை, எச்சரிக்கை என்று வகைபிரித்துச் சொல்லும். கட்டளைக்குக் கையேட்டுப் பக்கம் இல்லையென்றால் சொல்லும். பொதியின் ஒருவரி விளக்கம் 'ஏ', 'த' என்ற ஆங்கிலச் சொற்களில் தொடங்கினாலும் விடாது. வேறொரு பொதியில் ஏற்கெனவே உள்ள எழுத்துருவை மறுபடி சேர்த்தாலும் பிடித்துவிடும். அதன் கூற்றை ஏற்காத பராமரிப்பாளர் விலக்குக் கோப்பு எழுதலாம். ஆனால் 2009 முதல் சில கடும் பிழைகள் உள்ள பொதியைக் காப்பகம் தானாகவே திருப்பி அனுப்புகிறது. மாண்ட்ரேக் வழங்கலில் பிறந்த ஆர்பிஎம்லின்ட் இதே வேலையை ஆர்பிஎம் பொதிகளுக்குச் செய்கிறது.

பிரித்துப் பார்த்தால் தெரியாத பழுதுகளுக்காக 2005இல் லார்ஸ் விர்சேனியஸ் பியூபார்ட்ஸை எழுதினார். அது தனிச் சூழலில் பொதியை நிறுவி, மேம்படுத்தி, நீக்கி, மிச்சம் விட்டுப்போன கோப்புகளைக் காட்டும். இதற்கு முன்பே, 2000 டிசெம்பரில் வந்த, அடுத்த வெளியீடு உருவாகும் 'சோதனை' கிளைக்குப் பொதிகளை அனுப்புவதா என்று முடிவெடுக்கும் பொறுப்பு பிரிட்னி என்ற நிரலிடம் போயிருந்தது. 2018 முதல் பொதிகளோடு வரும் தன்சோதனைகளின் முடிவையும் அது கணக்கில் எடுக்கிறது.

கருவி சொல்வதை அப்படியே கேட்பதும் ஆபத்துத்தான். 2006இல் வால்கிரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவியின் எச்சரிக்கையை அடக்க, டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்கப் பொதியில் இரண்டு வரிகள் முடக்கப்பட்டன. எச்சரிக்கை போயிற்று, அதோடு சாவிகளின் எதேச்சைத்தன்மையும் போயிற்று. ஒவ்வொரு சாவி வகையிலும் சுமார் 32,000 சாவிகளே சாத்தியமாயின. லூசியானோ பெயோ கண்டறிந்த இக்குறை 2008 மே 13இல்தான் அறிவிக்கப்பட்டது. இந்த வரலாற்றில் இதைவிடப் பெரிய பாடம் இல்லை எனலாம்.

ஒரே மூலநிரலிலிருந்து யார் கட்டினாலும் ஒரே பொதி வரவேண்டும் என்ற மீளுருவாக்க முயற்சி டெபியனில் 2013இல் வேகம்பிடித்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டதால், இச்சோதனைகளின் பயன் அதற்கும் சேர்ந்தது.

2024 மார்ச் 29இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கப் பொதியில் கள்ளவழி இருப்பதை அன்ட்ரேஸ் புரொயிண்ட் அறிவித்தார். டெபியனின் சோதனைக் கிளை வரை அது வந்திருந்தது. அவரைச் சந்தேகிக்க வைத்தவை, எஸ்எஸ்எச் வழித் தொலைநுழைவில் ஏற்பட்ட அரை வினாடித் தாமதமும் வால்கிரைண்டின் முறைப்பாடுகளும். கருவிகள் இத்தனை இருந்தும், டெபியனில் முதன்முறை சேரும் பொதியை இன்றும் காப்பகப் பொறுப்பாளர் ஒருவர், உரிமம் உட்பட, தாமே பார்த்தபிறகே அனுமதிக்கிறார்.